அட்டையின் ஆயுளும் சம்மதத்தின் ஆயுளும்

டெபிட் கார்டோ கிரெடிட் கார்டோ, எதை எடுத்துப் பார்த்தாலும் மாதத்துக்கு இரண்டு, ஆண்டுக்கு இரண்டு என நான்கு இலக்கங்கள் அதில் இருக்கும். மூன்றிலிருந்து ஐந்தாண்டுகள்தாம் பெரும்பாலான அட்டைகளின் ஆயுள். அந்தத் தேதி ஏன் அங்கே இருக்கிறது என்று கேட்டால் மூன்று காரணங்கள் சொல்லலாம். பிளாஸ்டிக்கும் காந்தப் பட்டையும் தேய்ந்துபோகும். அதனால் புது அட்டை வேண்டும். வாடிக்கையாளரின் கடன் நிலையை இடையிடையே திரும்பிப் பார்க்க வங்கிக்கு ஒரு வாய்ப்பு வேண்டும். அட்டையை நேரில் காட்டாமல் தொலைபேசியிலும் இணையத்திலும் வாங்கும்போது, எண்ணோடு சேர்த்துச் சரிபார்க்க இன்னொரு தகவல் வேண்டும். மூன்றுமே வங்கியின் வசதியையும் பாதுகாப்பையும் ஒட்டியவை. மாதச் சந்தாக்கள் பெருகிய பிறகு இந்தத் தேதிக்கு நான்காவதாக ஒரு வேலை வந்து சேர்ந்தது. அதை யாரும் அதற்குக் கொடுக்கவில்லை. சந்தா வாங்கும் நிறுவனம் அட்டை எண்ணையும் காலாவதித் தேதியையும் வைத்துக்கொண்டு மாதந்தோறும் பணம் எடுக்கிறது. அட்டை மாறியதும் பழைய விவரம் செல்லாது, வங்கி மறுத்துவிடும். 'உங்கள் கட்டண விவரத்தைப் புதுப்பியுங்கள்' என்று நிறுவனம் எழுதும். சந்தாதாரர் புது அட்டையை எடுத்துப் பதினாறு இலக்கங்களைத் தட்ட வேண்டும். அந்த ஒன்றிரண்டு நிமிடங்களில், இது எனக்கு இன்னும் வேண்டுமா என்ற கேள்வி தானாக எழுந்துவிடுகிறது. சேர்ந்த நாளுக்குப் பிறகு அவரிடம் அந்தக் கேள்வி கேட்கப்படுவது பெரும்பாலும் அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

இந்த நிமிடங்களின் விலை என்ன என்பதை 2015இல் அமெரிக்கா பார்த்தது. 2013 இறுதியில் டார்கெட் கடைகளின் கணினியில் நடந்த ஊடுருவலில் ஏறத்தாழ 4 கோடி அட்டைகளின் விவரங்கள் களவுபோயின. சில்லு பொருத்திய அட்டைகளை அங்கீகரிக்கும் கருவி இல்லாத கடைகளே கள்ள அட்டை மோசடியின் நட்டத்தைச் சுமக்க வேண்டும் என்ற விதி 2015 அக்டோபர் 1 அன்று அங்கே நடைமுறைக்கு வந்தது. அதையொட்டி வங்கிகள் பழைய அட்டைகளைத் திரும்பப் பெற்று, சில்லு வைத்த புது அட்டைகளைக் கோடிக்கணக்கில் அனுப்பிக்கொண்டிருந்தன. அந்த ஆண்டின் மூன்றாம் காலாண்டில் அமெரிக்காவில் 11.5 லட்சம் புதுச் சந்தாதாரர்கள் நிகரமாகச் சேர்வார்கள் என்று நெட்ஃப்ளிக்ஸ் கணித்திருந்தது, சேர்ந்தவர்கள் 8.8 லட்சம். பணம் வசூலிக்க முடியாமல் இழந்த சந்தாதாரர்கள் எதிர்பார்த்ததைவிடக் கூடிவிட்டார்கள், சில்லு அட்டைக்கு நாடு மாறிக்கொண்டிருப்பது அதற்கு ஒரு காரணம் என்று பங்குதாரர்களுக்கு எழுதிய கடிதத்தில் அந்நிறுவனம் விளக்கியது. இத்தகைய இழப்புக்கு அந்தத் தொழிலில் ஒரு பெயர் உண்டு: தன்விருப்பமில்லாத விலகல். இந்தப் பெயரைக் கொஞ்சம் உரசிப் பார்க்கத் தோன்றுகிறது. அட்டை மாறியதால் நின்றுபோன ஒவ்வொருவரும் தொடரவே விரும்பினார்கள் என்று அது முன்கூட்டியே முடிவு கட்டிவிடுகிறது. உண்மையிலேயே தொடர விரும்பியவர் புது எண்ணைக் கொடுத்துத் திரும்பி வந்திருப்பார். வராதவரின் விருப்பம் என்ன என்று கேட்க அந்தப் பெயரில் இடமில்லை.

தொழில்துறை இதற்கு ஏற்கெனவே மருந்து வைத்திருந்தது. விசாவும் மாஸ்டர்கார்டும் நடத்தும் கணக்குப் புதுப்பிப்புச் சேவைகளின் வேலை எளிமையானது. அட்டையைப் புதுப்பித்த வங்கி, பழைய எண்ணுக்குப் பதில் எந்த எண், எந்தத் தேதி என்ற விவரத்தை வலைப்பின்னலுக்குத் தருகிறது. வணிகர் தன்னிடமுள்ள பழைய எண்களைத் தன் வங்கி வழியாக அனுப்பிக் கேட்கிறார். எண் மாறிவிட்டது, தேதி மட்டும் மாறியது, கணக்கே மூடப்பட்டுவிட்டது, அட்டைதாரரையே கேட்டுக்கொள்ளுங்கள் என்பதுபோல ஏதோ ஒரு பதில் வருகிறது. டோக்கன் முறை இன்னும் ஒரு படி மேலே போகிறது. அட்டை வலைப்பின்னல்களின் கூட்டமைப்பான ஈஎம்விகோ 2014இல் இதற்கான தொழில்நுட்ப வரையறையை வெளியிட்டது. வணிகரின் கையில் அட்டை எண் இருப்பதில்லை. அதற்குப் பதிலியான வேறோர் எண் மட்டுமே இருக்கும். பின்னணியில் அட்டை மாறினால் பதிலி எண்ணின் பின்னாலுள்ள இணைப்பை மாற்றினால் போதும். வணிகருக்கு அட்டை மாறியது தெரியவே வேண்டியதில்லை, அட்டைதாரரிடம் எதுவும் கேட்க வேண்டியதுமில்லை. திருட்டுக்கு எதிரான பாதுகாப்பு என்ற வகையில் டோக்கன் மிகப் பெரிய முன்னேற்றம், அதில் எனக்கு மாறுபாடு கிடையாது. ஆனால் அதே கையோடு அது அந்த ஒன்றிரண்டு நிமிடங்களையும் துடைத்துவிட்டது.

அந்த நிமிடங்களில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதை அளந்து பார்த்தவர்கள் லிரான் ஐனாவ், பெஞ்சமின் க்ளோபாக், நீல் மஹோனி என்ற பொருளாதார ஆய்வாளர்கள். 2023இல் வெளிவந்த அவர்களது ஆய்வு, ஒரு பெரிய அட்டை வலைப்பின்னலின் தரவிலிருந்து பத்துப் பிரபலமான சந்தாச் சேவைகளை எடுத்துக்கொண்டது. அதன் சூட்சுமம் அட்டை மாறும் மாதத்தைப் பயன்படுத்திய விதத்தில் இருக்கிறது. ஒருவரின் அட்டை எந்த மாதம் காலாவதியாகும் என்பது பல ஆண்டுகளுக்கு முன்பே முடிவாகிவிட்ட விஷயம். அந்த மாதம் அவர் பார்க்கும் படத்துக்கும் கேட்கும் பாட்டுக்கும் அதோடு எந்தத் தொடர்பும் இல்லை. ஆகவே அந்த மாதத்தில் மட்டும் சந்தா விலகல் எகிறினால், சேவையின் தரம் அந்த மாதம் திடீரென்று கெட்டுவிட்டது என்று சொல்ல முடியாது. கவனம் திரும்பியது என்றுதான் சொல்ல முடியும். விலகல் எகிறத்தான் செய்தது. சந்தாதாரர்கள் எப்போதும் கவனமாக இருந்திருந்தால் கிடைத்திருக்கும் வருமானத்தோடு ஒப்பிட்டு, அவர்களது கவனமின்மை விற்பவரின் வருமானத்தைச் சேவைக்குச் சேவை 14 சதவீதத்திலிருந்து 200 சதவீதத்துக்கும் மேல்வரை உயர்த்துகிறது என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள்.

இந்த எண்ணை அப்படியே விழுங்கிவிடவும் கூடாது. புது எண்ணைத் தட்டச் சோம்பல்பட்டு, வேண்டிய சேவையையே விட்டுவிட்டவர்களும் அந்த விலகலில் இருப்பார்கள். தொடர்வதற்கு ஒரு சோம்பல் இருப்பதுபோல நிறுத்திவிடுவதற்கும் ஒரு சோம்பல் உண்டு. ஆனாலும் இரண்டும் ஒரே எடையல்ல. பாட்டுச் சேவையை உண்மையில் விரும்புகிறவருக்கு, அடுத்த முறை செயலியைத் திறந்து பாட்டு ஒலிக்காதபோது உறைக்கும்; அன்றே எண்ணைக் கொடுத்துவிடுவார். வேண்டாத சேவைக்குப் பணம் போகிறவருக்கு அப்படி உறைக்கும் கணமே வராது, ஏனென்றால் அவர் அந்தச் செயலியைத் திறப்பதே இல்லை. உடற்பயிற்சிக் கூடங்களை ஆராய்ந்து ஸ்டெஃபானோ டெல்லாவிஞாவும் உல்ரிகே மால்மென்டியரும் 2006இல் வெளியிட்ட கட்டுரை இதற்குப் பழைய சான்று. மாதச் சந்தா கட்டியவர்கள் ஒரு வருகைக்குச் சராசரியாக 17 டாலருக்கு மேல் கொடுத்தார்கள். பத்து முறைக்கான சீட்டு வாங்கியிருந்தால் வருகைக்கு 10 டாலர்தான். கடைசியாகக் கூடத்துக்குப் போன நாளுக்கும் சந்தாவை ரத்துசெய்த நாளுக்கும் இடையில் சராசரியாக 2.31 முழு மாதங்கள் கழிந்தன. வியர்வை காய்ந்த பிறகும் பணம் மட்டும் போய்க்கொண்டிருந்தது.

'மௌனம் சம்மதம்' என்பது நம் வழக்கு. பெண் பார்க்கப் போன வீட்டில் அது செல்லுபடியாகலாம். ஒப்பந்தச் சட்டம் அதை அவ்வளவு எளிதில் ஏற்றதில்லை. இங்கிலாந்தில் ஃபெல்ட்ஹவுஸ் என்பவர் தன் உடன்பிறந்தார் மகனின் குதிரைக்கு 30 பவுண்டு 15 ஷில்லிங் விலை சொல்லி, இனி உன்னிடமிருந்து ஒன்றும் கேட்காவிட்டால் குதிரை என்னுடையது என்று கொள்வேன் என எழுதினார். உடன்பிறந்தார் மகன் பதில் எழுதவில்லை. அந்த மௌனத்தால் ஒப்பந்தம் உண்டாகாது என்று 1862இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்திய ஒப்பந்தச் சட்டமும் ஏற்பு தெரிவிக்கப்பட வேண்டும் என்றே சொல்கிறது. சந்தாவின் விஷயம் வேறு என்று ஒருவர் மறுக்கலாம்: அங்கே சேரும்போதே வாய்விட்டுச் சம்மதம் சொல்லியாகிவிட்டது, பிறகு வரும் மௌனம் அதன் தொடர்ச்சிதான். சட்டப்படி இது சரியாகவே இருக்கலாம். நான் கேட்பது அந்தத் தொடர்ச்சிக்கு நீளம் எவ்வளவு என்பதை. கையில் இருக்கும் பிளாஸ்டிக் துண்டுக்கு ஐந்தாண்டு ஆயுள். அதைக் காட்டி ஒரு நாள் கொடுத்த சம்மதத்துக்கு மட்டும் முடிவே இல்லையா? அட்டை காலாவதியானபோது அந்தச் சம்மதமும் நடைமுறையில் காலாவதியாகிக்கொண்டிருந்தது. அந்தத் தற்செயலைத் தொழில்நுட்பம் அகற்றிவிட்டது என்றால், அதன் இடத்தில் திட்டமிட்ட ஒன்றை வைக்கும் பொறுப்பு யாருக்காவது வர வேண்டும். சம்மதத்துக்கே ஒரு காலாவதித் தேதி வேண்டும், அந்தத் தேதியில் மௌனத்தின் பொருள் நிறுத்தம் என்றிருக்க வேண்டும் என்பதே என் வாதம்.

இந்தியாவில் இந்தப் பொறுப்பு ஓரளவு ஏற்கப்பட்டது. ரிசர்வ் வங்கி 2019 ஆகஸ்ட் 21 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை, அட்டை வழியான தானியங்கிப் பற்றுக்கு முதன்முறையாக ஒழுங்கு வகுத்தது. பதிவுசெய்யும்போது ஓடிபி போன்ற கூடுதல் சரிபார்ப்பு கட்டாயம். ஒவ்வொரு முறையும் பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பு, யாருக்கு எவ்வளவு எப்போது என்று வங்கி தெரிவிக்க வேண்டும்; அந்தத் தவணையை மட்டுமோ முழு அனுமதியையுமோ வாடிக்கையாளர் அப்போது ரத்துசெய்யலாம். வணிகரின் தயவை நாடாமல் வங்கியிலேயே அனுமதியைத் திரும்பப் பெறலாம். அனுமதி எதுவரை செல்லும் என்ற காலவரையும் பதிவில் இருக்க வேண்டும். தவணைக்கு 2,000 ரூபாய்க்கு மேல் போனால் ஒவ்வொரு முறையும் கூடுதல் சரிபார்ப்பு. இந்த வரம்பு 2021 ஜனவரியில் 5,000 ஆகவும் 2022 ஜூனில் 15,000 ஆகவும் உயர்ந்தது. அட்டை மாறும் கணத்தைப் பற்றித் தனியாகவும் ஒரு விதி உண்டு, அதை யாரும் அதிகம் பேசுவதில்லை. வணிகர்கள் அட்டை எண்ணைச் சேமித்துவைக்கக் கூடாது, டோக்கன் மட்டுமே வைத்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாட்டை விரிவாக்கிய 2021 செப்டம்பர் சுற்றறிக்கை, அட்டை புதுப்பிக்கப்பட்டாலோ மாற்றப்பட்டாலோ முன்பு பதிந்த வணிகர்களோடு அதை இணைக்க அட்டைதாரரின் வெளிப்படையான சம்மதத்தைக் கேட்க வேண்டும் என்றது. மற்ற நாடுகளில் அந்தக் கேள்வியை ஓசையில்லாமல் அழிக்க உதவிய அதே டோக்கன், இங்கே அதைக் கேட்கச் சொல்லும் விதியோடு வந்தது.

இதன் விலை சிறியதல்ல. எதிர்வாதங்களில் வலுவானதும் அதுதான். வங்கிகளும் வணிகர்களும் ஆயத்தமாகாததால் தானியங்கிப் பற்று விதிகளுக்கான 2021 மார்ச் இறுதிக் கெடு செப்டம்பர் இறுதிக்குத் தள்ளிப்போனது. அக்டோபர் 1 வந்ததும் பழைய அனுமதிகள் கொத்துக்கொத்தாக நின்றுபோயின. வெளிநாட்டு மென்பொருள் சேவைக்கும் இதழுக்கும் மாதாமாதம் கட்டியவர்களின் கட்டணங்கள் மறுக்கப்பட்டன. ஆப்பிள் நிறுவனம் 2022இல் தன் ஆப் ஸ்டோரில் இந்திய அட்டைகளை ஏற்பதையே நிறுத்தி, யுபிஐ, நெட் பேங்கிங், முன்பணம் பக்கம் வாடிக்கையாளர்களைத் திருப்பியது. வேண்டாத சந்தா நிற்பது நல்லது. வேண்டிய சந்தாவும் சேர்ந்து நிற்கும்போது அடிபடுவது பெரிய நிறுவனங்கள் மட்டுமல்ல. சில நூறு சந்தாதாரர்களை நம்பி நடக்கும் சிற்றிதழ், மாத நன்கொடையை நம்பி நடக்கும் அறக்கட்டளை ஆகியவற்றுக்குப் புதுப்பிப்புச் சேவை உயிர்நாடி. காப்பீட்டில் இது இன்னும் கடுமை. பிரீமியம் நின்றதைக் கவனிக்காதவருக்கு, சலுகைக் காலமும் கடந்து பாலிசி காலாவதியான பிறகு மருத்துவமனை வாசலில்தான் விஷயம் தெரியவரும்.

இந்த எதிர்வாதத்தை நான் ஏற்கிறேன். ஆனால் அது எல்லாச் சந்தாவுக்கும் பொருந்துவதில்லை. நிறுத்தம் தவறாக நேர்ந்தால் என்ன கெடும், தொடர்ச்சி தவறாக நேர்ந்தால் என்ன கெடும் என்று இரண்டையும் தராசில் வைக்க வேண்டும். காப்பீட்டில் ஒரு தவறான நிறுத்தம் குடும்பத்தையே கவிழ்க்கலாம். திரைப்படச் சேவையில் தவறான நிறுத்தத்தின் நட்டம் ஒரு மாலைப்பொழுது, தவறான தொடர்ச்சியின் நட்டமோ ஆண்டுக்கணக்கில் சொட்டுச் சொட்டாக ஒழுகும் பணம். ஒழுகும் குழாய் யாரையும் எழுப்புவதில்லை என்பதால்தான் அது நீண்ட காலம் ஒழுகுகிறது. இந்த வேறுபாட்டை ரிசர்வ் வங்கியே பிறகு உணர்ந்து நடந்திருக்கிறது. 2023 டிசம்பரில் காப்பீட்டு பிரீமியம், மியூச்சுவல் ஃபண்ட், கிரெடிட் கார்டு பாக்கி ஆகிய மூன்றுக்கு மட்டும் வரம்பை 1 லட்சம் ரூபாயாக்கியது. 2024 ஆகஸ்டில் ஃபாஸ்டேக் இருப்பு குறைந்ததும் தானாக நிரப்பிக்கொள்ளும் ஏற்பாட்டுக்கு 24 மணி நேர முன்னறிவிப்பிலிருந்து விலக்கு அளித்தது. சுங்கச்சாவடியில் வண்டி நிற்கும்போது யாரும் ஒரு நாள் காத்திருக்க முடியாது. காப்பீட்டுக்கு உரிய பரிவைப் பாட்டுச் செயலியும் கோருவது, ஆம்புலன்ஸுக்கு விட்ட வழியில் பின்னாலேயே புகுந்து வரும் கார் போன்றது.

வயது வந்தவர்கள் தம் வங்கிக் கணக்கைத் தாமே பார்த்துக்கொள்ளட்டும், அரசு எதற்குத் தாயாக வேண்டும் என்பது இரண்டாவது எதிர்வாதம். மறதியைத் தனிமனிதக் குறையாக மட்டும் பார்த்தால் இது சரி. மறதியே விலை நிர்ணயத்தின் அங்கமாகிவிட்ட சந்தையில் அப்படிப் பார்க்க முடியவில்லை. முதல் மாதம் இலவசம் என்று அழைக்கும் நிறுவனம், அடுத்த மாதங்களில் எத்தனை பேர் மறப்பார்கள் என்று கணக்கிட்டே அழைக்கிறது. அந்தக் கணக்கு அதனிடம் துல்லியமாக இருக்கிறது, மறப்பவரிடம் இல்லை. மேலும் மக்கள் தம் மறதியை அறியாதவர்களும் அல்லர். ஓர் ஐரோப்பியச் செய்தித்தாளின் வாசகர்களிடம் நடந்த கள ஆய்வில், சோதனைக் காலம் முடிந்ததும் தானாகவே புதுப்பிக்கப்படும் என்ற ஏற்பாட்டில் சேர்ந்தவர்களைவிட, தானாகவே ரத்தாகும் என்ற ஏற்பாட்டில் சேர்ந்தவர்கள் கணிசமாகக் கூடுதலாக இருந்தார்கள். நிறுத்த மறந்துவிடுவோம் என்ற அச்சத்தில் நல்ல சேவையையும் தொடாமல் ஒதுங்கியவர்கள் அந்த இடைவெளியில் இருக்கிறார்கள். முடிவுத் தேதி உள்ள சம்மதம் இவர்களையும் உள்ளே அழைக்கும். நேர்மையான விற்பனையாளருக்கு அது இழப்பாக மட்டும் இருக்க வேண்டிய அவசியமில்லை.

மூன்றாவது எதிர்வாதம் எனக்கு அதிகச் சங்கடம் தருவது: முன்னறிவிப்பை யார் படிக்கிறார்கள்? ஓடிபி, கடன் விளம்பரம், கூரியர் தகவல் என்று குறுஞ்செய்திகள் கொட்டும் தொலைபேசியில், நாளை 199 ரூபாய் எடுக்கப்படும் என்ற வரி கண்ணில் பட்டும் படாமலும் போகிறது. படித்தாலும் எதுவும் செய்யாவிட்டால் பணம் போகத்தான் போகிறது. அறிவிப்பும் கேள்வியும் ஒன்றல்ல என்பது இங்கேதான் தெரிகிறது. அட்டை மாறிய மாதத்தில் மக்கள் விழித்துக்கொண்டதற்குக் காரணம், அவர்கள் கையசைக்காவிட்டால் சேவை நின்றுவிடும் என்ற நிலை. முன்னறிவிப்பில் மௌனம் விற்பவர் பக்கம் நிற்கிறது. அட்டை மாற்றத்தில் அது வாங்குபவர் பக்கம் நின்றது. வெளிநாட்டுச் சட்டங்களும் பெரும்பாலும் அறிவிப்போடு நின்றுவிட்டன. வேண்டாத சந்தாக்களுக்குத் தம் மக்கள் ஆண்டுக்கு 160 கோடி பவுண்டு கட்டுவதாக மதிப்பிட்ட பிரிட்டிஷ் அரசு, 2024ஆம் ஆண்டுச் சட்டத்தில் நினைவூட்டல்களைக் கட்டாயமாக்கும் பிரிவுகளைச் சேர்த்தது. அமெரிக்காவில் ஃபெடரல் டிரேட் கமிஷன் 2023இல் முன்வைத்த வரைவில் ஆண்டுக்கொரு நினைவூட்டல் இருந்தது. 2024 அக்டோபரில் வந்த இறுதி விதியில் அது கைவிடப்பட்டு, சேர்வதைப் போலவே விலகுவதும் எளிதாக இருக்க வேண்டும் என்பதே மையமானது. அந்த விதியையும் 2025 ஜூலையில் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் நடைமுறைக் குறையைக் காட்டி ரத்துசெய்தது. விலகும் கதவை அகலமாக்குவது நல்லதுதான். தான் இன்னும் உள்ளே இருப்பதையே மறந்தவருக்குக் கதவின் அகலத்தால் என்ன பயன்?

அட்டையின் காலாவதித் தேதியை அப்படியே காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். அது குருட்டுத்தனமான கருவி. பேருந்தில் பர்ஸைத் தொலைத்தவருக்கு இந்த ஆண்டே கேள்வி வருகிறது, பத்திரமாக வைத்திருப்பவருக்கு ஐந்தாண்டு கழித்து வருகிறது. காப்பீட்டையும் கார்ட்டூன் சேனலையும் அது ஒரே நாளில் வெட்டிவிடுகிறது. அட்டையை மாற்றிவிட்டால் சந்தா ஒழிந்தது என்று நம்புவதும் ஆபத்து: பணம் எடுக்க முடியாமல் போனதால் ஒப்பந்தம் முடிந்துவிடாது, பாக்கி கேட்டு நிறுவனம் பின்னால் வரலாம். அந்தக் கருவி தற்செயலாகச் செய்த வேலையைத் தனியே பிரித்தெடுத்து ஒழுங்காகச் செய்வதற்கு இந்தியாவில் தேவையான உறுப்புகள் ஏறக்குறைய எல்லாமே இருக்கின்றன. அனுமதிப் பதிவில் காலவரைக்கு ஏற்கெனவே ஒரு கட்டம் இருக்கிறது. அந்தக் கட்டத்தை நிரப்புவது விற்பவரின் படிவமாக இருக்கும்வரை, மிகத் தொலைவான ஓர் ஆண்டை அது தானே போட்டுவைக்கும். வாங்குபவர் ஓடிபியைத் தட்டிவிட்டுப் போய்விடுவார். பொழுதுபோக்குக்கும் செயலிகளுக்கும் அந்தக் கட்டத்தில் ஓராண்டுக்கு மேல் போகக் கூடாது என்று வரையறுக்கலாம். காப்பீடு, கடன் தவணை, முதலீடு போன்றவற்றை விட்டுவிடலாம். ஓராண்டு முடியும்போது வங்கியின் செயலியில், கடந்த பன்னிரண்டு மாதங்களில் இந்தச் சேவைக்குப் போன மொத்தத் தொகை இவ்வளவு, தொடரலாமா என்று ஒரே ஒரு வரி வர வேண்டும். 199 ரூபாய் கண்ணில் படாதவருக்கும் 2,388 ரூபாய் கண்ணில் படும். பதில் வராவிட்டால் சந்தா நிற்கும். வணிகர் மறுபடி கேட்டுக்கொள்ளலாம், முதல் நாள் கேட்டதைப் போலவே.